கரோல் பாக் தமிழர் இல்லங்களில் பழங்கலங்கள்: புழக்கம், காட்சி, பெயர்ப்பொறிப்பு

முன்னுரை

தமிழில் 'கலம்' என்னும் சொல் விரிந்த பொருட்பரப்பு உடையது. உண்பதற்குரியது உண்கலம், அணிவதற்குரியது அணிகலன், கடல் கடப்பதற்குரியது மரக்கலம். புழங்கும் பொருளையும் அழகுசெய்யும் பொருளையும் பயணத்திற்கு உதவும் பொருளையும் ஒரு சொல்லால் குறித்தது தமிழ். இம்மூன்று பொருளும் ஒன்றுசேரும் இடமாகப் புலம்பெயர்ந்த குடும்பத்தின் வீட்டு அலமாரி அமைகிறது. ஊரிலிருந்து பயணித்து வந்த பாத்திரம் சில காலம் அடுப்பில் புழங்கிப் பின்னர் வரவேற்பறையில் அணிப்பொருளாக நிற்கிறது.

பழைய வீட்டுப் பொருள்களைத் தேடிப் பெற்று அவற்றால் இல்லத்தை அணிசெய்யும் வழக்கம் இன்று பெருநகரங்களில் பரவலாகக் காணப்படுகிறது. பித்தளைத் தவலை பூச்சாடியாகிறது. ஐந்தறைப்பெட்டி பேனாப் பெட்டியாகிறது. உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடப்படுகிறது. இம்மாற்றத்தில் பொருள் காப்பாற்றப்படுகிறது என்பது உண்மை. எனினும் பொருளோடு சேர்ந்து வந்த செய்தியும் காப்பாற்றப்படுகிறதா என்னும் வினா எஞ்சுகிறது. தில்லி கரோல் பாக்கில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கலங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரோல் பாக்கில் தமிழர்

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் இந்தியத் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. புதுதில்லி 1931-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. புதிய தலைநகரின் செயலக அலுவலகங்களுக்கு எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தர்களும் பெருமளவில் தேவைப்பட்டனர். ஆங்கிலக் கல்வி பெற்ற சென்னை மாகாணத்து இளைஞர் பலர் இப்பணிகளை நாடி வடக்கே சென்றனர். அவர்களுள் அரசுக் குடியிருப்பு வாய்த்தோர் கோல் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் தங்கினர். அது வாய்க்காதோர் வாடகைக்கு வீடு தேடிய இடங்களுள் முதன்மையானது கரோல் பாக்.

கரோல் பாக் புதுதில்லியின் கட்டுமானத்தோடு வளர்ந்த பகுதி. தலைநகரம் எழுப்பப்பட்டபோது இடம்பெயர்க்கப்பட்ட சிற்றூர் மக்கள் இங்குக் குடியேறினர். ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியா கல்லூரி 1921-இல் காந்தியடிகளால் இங்குத் திறந்துவைக்கப்பட்டது. பகுதியின் முதன்மைக் கடைத்தெரு இன்றும் அஜ்மல் கானின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது இப்பகுதியின் முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேற, மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த ஏதிலியர் குடியேறினர். ஒரே தெருவில் பஞ்சாபியரும் வங்காளியரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் நிலை உருவாயிற்று. வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் பஞ்சாபியராகவும், மாடியிலோ மொட்டைமாடி அறையாகிய பர்சாத்தியிலோ குடியிருப்பவர் தமிழராகவும் அமைவது வழக்கம்.

தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமும், 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும் இக்குடியேற்றத்தின் பொதுவாழ்வுச் சான்றுகள். 1965-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற 'கணையாழி' இதழ் அதன் இலக்கியச் சான்று. இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் முதலியோரின் புனைகதைகள் தில்லித் தமிழரின் அலுவலக வாழ்வையும் மனவோட்டத்தையும் சித்திரித்துள்ளன. வீட்டின் உள்வாழ்வை, குறிப்பாக அதை நடத்திய பெண்களின் வாழ்வை அறிவதற்குச் சமையலறை அலமாரி ஒரு தனி ஆவணக்காப்பகமாகும்.

ஊரிலிருந்து வந்த கலங்கள்

கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி 1929-இல் ஓடத் தொடங்கியது; தமிழ்நாடு விரைவு வண்டி 1976-இல் வந்தது. திருமணமான பெண் கணவரின் பணியிடத்திற்கு முதன்முதலாகக் குடித்தனம் நடத்தச் செல்லும்போது சீர்வரிசையின் ஒரு பகுதியும் அவளுடன் இரயிலேறியது. சீர்வரிசை முழுவதையும் எடுத்துச்செல்ல இயலாது. அம்மி, ஆட்டுக்கல், பெரிய அண்டா, கங்காளம் ஆகியவை ஊரிலேயே தங்கின. வெண்கலப் பானை, ஈயச்செம்பு, கல்சட்டி, அரிவாள்மணை, பித்தளைத் தூக்கு, கூஜா, டபரா, குத்துவிளக்கு, ஐந்தறைப்பெட்டி ஆகியவை பயணத்திற்கு உரியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இத்தேர்வைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாயும் மகளுமே. எது இன்றியமையாதது, எது தில்லியில் கிடைக்காது, எதற்கு மாற்று உண்டு என்னும் அறிவு இத்தேர்வில் அடங்கியிருந்தது. ஈயச்செம்பில் கொதிக்கும் இரசத்தின் மணத்திற்கு வேறு பாத்திரம் மாற்றாகாது என்பது அவ்வறிவின் ஒரு கூறு.

இக்கலங்கள் புழக்கத்திலிருந்து விலகியமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, புதிய கருவிகளின் வரவு. 1959 முதல் பிரஷர் குக்கர்கள் இந்தியாவிலேயே உற்பத்தியாகிப் பரவியபின் சோறு வடிக்கும் வெண்கலப் பானைக்கு வேலை குறைந்தது. எவர்சில்வர் பாத்திரம் துலக்குவதற்கு எளிதாக இருந்தமையால் பித்தளை பின்தள்ளப்பட்டது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதிய எவர்சில்வர் பெறுவது தமிழகத்திலும் தில்லியிலும் ஒருபோல நிகழ்ந்தது. இரண்டாவது, தொழிலாளர் மறைவு. புளி சேர்ந்த உணவு பித்தளையில் களிம்பேறும்; ஆதலால் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவது இன்றியமையாதது. தெருவழியே வந்து ஈயம் பூசியவர்களைத் தில்லி மக்கள் கலாய்க்காரர் என்று அழைத்தனர். தமிழிலும் 'கலாய்' என்னும் சொல் வழக்கில் உண்டு. அவர்களின் வருகை குறைந்தபோது பூச்சுத் தேய்ந்த பாத்திரம் சமையலுக்கு உதவாததாயிற்று. மூன்றாவது, இடநெருக்கடி. பழைய தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குத் தளங்களாயின. குடும்பங்கள் மயூர் விஹார், துவாரகா முதலிய பகுதிகளுக்குப் பெயர்ந்தன. ஒவ்வொரு பெயர்வும் ஒரு கழிவு; பரணில் இருந்தவை முதலில் கழிந்தன.

இவ்வாறு கழியாமல் எஞ்சியவையே இன்று அணிப்பொருள்களாகக் காட்சியளிக்கின்றன.

பெயர்ப்பொறிப்பு என்னும் ஆவணம்

கலங்களில் உரியவர் பெயரைப் பொறிப்பது தமிழரின் தொன்மையான வழக்கம். கொடுமணல் அகழாய்வில் ஆட்பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. கீழடியில் ஆதன், குவிரன் ஆகிய பெயர்கள் தமிழி எழுத்தில் ஓடுகளின்மீது காணப்படுகின்றன. அவற்றை எழுத்தறிவுக்கும் சமூக வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகளாக ஆய்வுலகம் போற்றுகிறது. அதே வழக்கத்தின் அண்மைக்கால வடிவமாகிய உலோகப் பாத்திரப் பெயர்ப்பொறிப்பு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

பாத்திரக் கடையில் வாங்கிய உடனே சிற்றுளியும் சிறு சுத்தியும் கொண்டு புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயர் எழுதித் தருவது நெடுநாள் வழக்கம்; பிற்காலத்தில் மின்கருவி அவ்விடத்தைப் பெற்றது. பொறிப்பு பெரும்பாலும் பாத்திரத்தின் கழுத்திலோ வாய்விளிம்பின் கீழோ அமையும். தந்தை பெயரின் முதலெழுத்து, உரியவர் பெயர், சிலவற்றில் ஊர்ப்பெயரின் முதலெழுத்து, சிலவற்றில் நாளும் ஆண்டும் இடம்பெறும். அன்பளிப்பாயின் கொடுத்தவர் பெயரும் நிகழ்ச்சியும் சேர்க்கப்படும். நடைமுறைத் தேவையிலிருந்து தோன்றியது இது. திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் அண்டை வீட்டாரிடம் பாத்திரம் இரவல் பெறுவது வழக்கமாதலின், கலந்துபோன பாத்திரங்களைப் பிரித்தறியப் பெயர் தேவைப்பட்டது.

இப்பொறிப்பின் வரலாற்றுப் பயன் நடைமுறைத் தேவையைக் கடந்தது. நிலமும் வீடும் ஆண்வழியே கைமாறிய சமூகத்தில், பெண்ணின் பெயர் எழுத்தில் நின்ற இடங்கள் மிகச் சில. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பின்னரே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கிட்டியது. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்ணுக்குப் பிறந்தவீடு கொடுத்தது நகையும் பாத்திரமுமே. நகையில் பெயர் பொறிப்பது அரிது. அது அழித்துப் புதிதாகச் செய்யவும்படும். பாத்திரத்திலோ பெயர் நிலைத்து நிற்கும். சீதனமாக வந்த பொருள்கள் மனைவியின் தனியுடைமையே என உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவுபடுத்தியது. நீதிமன்றம் சட்டமொழியில் கூறியதைப் பாத்திரத்தின் கழுத்தில் இருந்த பெயர் முன்னரே கூறிக்கொண்டிருந்தது எனலாம்.

கரோல் பாக் குடும்பங்களைப் பொறுத்தவரை இப்பொறிப்புக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அலுவலகப் பதிவேடுகள், வாடகைச் சீட்டு, உணவுப் பங்கீட்டு அட்டை முதலியவற்றில் குடும்பம் ஆணின் பெயராலேயே அறியப்பட்டது. அவற்றில் இந்தியும் ஆங்கிலமுமே வழங்கின. அவ்வீட்டில் தமிழில் எழுதப்பட்டு, பெண்ணின் பெயரைத் தாங்கி, ஆண்டையும் காட்டுகின்ற ஆவணமாக ஒரு பித்தளைக் குடம் இருக்கக்கூடும். ஆவணக்காப்பகங்களில் கிடைக்காத குடியேற்ற வரலாறு அக்குடத்தில் கிடைக்கும்.

கொலு: இல்லத்தின் காட்சிமரபு

பழம்பொருளைக் காட்சிக்கு வைத்தல் மேனாட்டு வழக்கத்தின் எதிரொலி என்று கருதுவது முழுமையான கருத்தாகாது. தமிழர் இல்லங்களில் நவராத்திரிக் கொலு அத்தகைய ஒரு காட்சிமரபை நெடுநாளாகப் பேணிவந்துள்ளது. ஆண்டில் ஒன்பது நாள் வீட்டின் பழைய பொம்மைகள் பெட்டியிலிருந்து வெளிவந்து படிகளில் அமர்கின்றன. ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் யார் வாங்கியது, எங்கு வாங்கியது, எந்த ஆண்டில் வந்தது என்னும் வாய்மொழி வரலாறு உண்டு. கொலுவைக் காண வருவோரிடம் அவ்வரலாறு சொல்லப்படுகிறது. சொல்லச் சொல்ல இளையோர் அதைக் கற்கின்றனர்.

கொலுவில் முதலிடம் பெறுவது மரப்பாச்சி இணை. செம்மரத்திலோ கருங்காலியிலோ செதுக்கப்பட்ட ஆண், பெண் உருவங்களாகிய இவற்றைத் தாய்வீடு மகளுக்கு அளிப்பது பல குடும்பங்களின் வழக்கம். செம்மரப் பாச்சி விளையாட்டுப் பொருளாகவும், உரைத்துப் பூசும் மருந்தாகவும் பயன்பட்டது. செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. புதிய மரப்பாச்சிகள் பல வேறு மரங்களில் செய்யப்படுகின்றன. ஆகவே பாட்டியிடமிருந்து வந்த பழைய இணைக்கு ஈடில்லை.

கரோல் பாக்கின் ஓரறை வீடுகளில் மரப்படி வைக்க இடமின்மையால் இரும்புப் பெட்டிகளையும் மரப்பெட்டிகளையும் அடுக்கி வேட்டி விரித்துப் படிகள் அமைத்தனர். ஊரிலிருந்து பொருள்களைச் சுமந்து வந்த பெட்டியே அவற்றுக்குப் படியாயிற்று. அதே ஒன்பது நாளில் வங்காளியரின் துர்க்கை பூசையும் பஞ்சாபியரின் நவராத்திரி நோன்பும் நிகழ்ந்தமையால், கொலுவைக் காணவந்த அண்டை வீட்டாருக்கு அப்பொருள்களை விளக்கவேண்டிய தேவையும் எழுந்தது. வேற்றுமொழியாருக்கு விளக்குவதன்வழித் தம் பொருளைத் தாமே புதிதாக அறியும் வாய்ப்பு இக்குடும்பங்களுக்குக் கிட்டியது.

கொலுவின் இலக்கணம் இங்குக் கருதத்தக்கது. அதில் பழையதும் புதியதும் கலந்து நிற்கும்; பொருளும் அதன் கதையும் சேர்ந்தே காட்டப்படும்; காட்சி முடிந்தபின் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கப்படும். காட்சி, விளக்கம், காப்பு ஆகிய மூன்றும் அமைந்தது கொலுமரபு. இக்கால அணிசெய்கையில் முதலாவது மட்டுமே பெரும்பாலும் எஞ்சுகிறது.

சந்தையில் பெயரிழத்தல்

சொந்த வீட்டில் பழம்பொருள் இல்லாதோர் அதனைச் சந்தையில் தேடுகின்றனர். தில்லியில் சுந்தர் நகர்க் கடைகள் உயர்விலைக் கலைப்பொருள்களுக்கும், அமர் காலனி பழைய மரச்சாமான்களுக்கும் பெயர்பெற்றவை. கரோல் பாக்கின் தெருக்களில் வரும் பழைய சாமான்காரராகிய கபாடிவாலா இச்சங்கிலியின் முதற்கண்ணி. அவர் எடைக்கு வாங்கும் பித்தளையின் பெரும்பகுதி உருக்கப்படும். உருவத்தால் கண்ணைக் கவரும் சிலவே பழம்பொருள் வணிகரை அடையும்.

தெற்கிலிருந்து பழம்பொருள்கள் பெருநகரச் சந்தைகளுக்கு வரும் வழியை அறியக் காரைக்குடி உதவும். பர்மாவில் வணிகம் செய்து செழித்த நகரத்தார், 1942-இல் அந்நாடு சப்பானியர் வயப்பட்டதாலும் விடுதலைக்குப் பின் அங்கு நிலம் அரசுடைமையானதாலும் பேரிழப்புற்றனர். பின்னாளில் பெரிய வீடுகள் பாகம் பிரிந்தபோது தேக்குத் தூண்களும் கதவுகளும் சுவீடன், சப்பான் நாட்டுப் பீங்கான் பூச்சுப் பாத்திரங்களும் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு இத்தகைய பொருள்களின் சந்தையாக வளர்ந்தது. அங்கிருந்து சென்னைக்கும் தில்லிக்கும் சென்ற பொருள்கள் 'செட்டிநாடு' என்னும் பொதுப்பெயரையே பெற்றன. எந்த ஊர், எந்த வீடு, யாருக்குரியது என்பவை வழியிலேயே உதிர்ந்தன.

பொருட்பெயரும் இவ்வாறே உதிர்கிறது. உருளி என்னும் பெயர் இந்தியா முழுவதும் பரவியது. ஆனால் அது பாயசம் காய்ச்சவும் மருந்தெண்ணெய் இறக்கவும் உரிய கலம் என்பது மறைந்தது. தவலை, குண்டான், கங்காளம், போசி, அடுக்கு ஆகியவற்றுக்குரிய வேறுபாடுகள் கடைக்காரர்க்கும் வாங்குவோர்க்கும் தெரிவதில்லை; எல்லாம் 'பித்தளைப் பானை' என்றாகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் கலப்பெயர்கள் பலவற்றைப் பதிவுசெய்துள்ளன. எனினும் சொல்லுக்குரிய பொருளைக் கண்ணால் கண்டு கையால் தொட்டறிந்த தலைமுறை மறைந்துவருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு பெயர்ப்பொறிப்பின் அழிவே. பழம்பாத்திரத்தை விற்பனைக்கு ஆயத்தப்படுத்தும்போது பொறியில் வைத்துத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். புள்ளிகளால் ஆன மெல்லிய எழுத்து அதனால் மங்குகிறது. வேறொருவர் பெயருள்ள பாத்திரத்தை வீட்டில் வைக்கத் தயங்கும் வாங்குநர் பொருட்டு அது வேண்டுமென்றே அழிக்கப்படுவதும் உண்டு. சுவரில் தொங்கும் படங்களுக்கும் இந்நிலையே. 1894-இல் நிறுவப்பெற்ற இரவிவர்மா அச்சகத்தின் படங்களும், கோவில்பட்டி கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படங்களும் இன்று விரும்பி வாங்கப்படுகின்றன. புதிய சட்டமிடும்போது படத்தின் அடியில் உள்ள அச்சகப் பெயரும், பின்புறம் குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்பும் வெட்டப்படுகின்றன. எஞ்சுவது அழகு, போவது சான்று.

சட்டமும் காப்பும்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், பொறிப்பு, கைவினைப்பொருள் முதலியவற்றையும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத மதிப்புடைய சுவடிகளையும் ஆவணங்களையும் அது தொல்பொருள் என வரையறுக்கிறது. தொல்பொருள் வணிகத்திற்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது. 1920-களில் தில்லிக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் கைவினைக் கலங்கள் இப்பத்தாண்டில் நூறாண்டு எல்லையைத் தொடுகின்றன. ஒரு கலத்தின் வயதை நிறுவ மிக எளிய சான்று அதன்மீதுள்ள ஆண்டுக்குறிப்பே. மெருகேற்றும் பொறி அழிப்பது அச்சான்றையே.

அன்றாடப் பொருள்களைத் திரட்டிக் காத்த முன்னோடி முயற்சிகள் நம்நாட்டில் உள்ளன. அகமதாபாத்தில் 1981-இல் அமைக்கப்பெற்ற 'விசார்' பாத்திர அருங்காட்சியகம், தில்லி ஆனந்தகிராமத்தில் ஓ. பி. ஜெயின் உருவாக்கிய சமஸ்கிருதி அன்றாடக் கலை அருங்காட்சியகம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வீட்டுப் பொருளும் வரலாற்றுப் பொருளே என்பதை இவை நிலைநாட்டின. ஆயினும் எல்லா இல்லத்துக் கலங்களையும் அருங்காட்சியகம் ஏற்க இயலாது. ஏற்கவேண்டிய தேவையும் இல்லை. கலம் வீட்டிலேயே இருக்கலாம். அதன் செய்தி மட்டும் பதிவாதல் வேண்டும்.

அதற்குரிய முறை எளியது. மெருகேற்றுமுன் பொறிப்பைச் சாய்வொளியில் நிழற்படம் எடுத்தல். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படியெடுத்தல். எழுத்துகளைப் பிழை உள்ளவாறே பெயர்த்தெழுதல். கலத்தின் வட்டாரப் பெயர், அளவு, பயன், கைமாறிய வழி ஆகியவற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டுக் குறித்தல். புளி, எலுமிச்சை கொண்டு கையால் துலக்கினால் எழுத்து நெடுநாள் நிற்கும். கல்வெட்டுப் படியெடுக்கப் பயிலும் தமிழ் மாணவர்க்கு இது தம் வீட்டிலிருந்தே தொடங்கத்தக்க களப்பணியாகும். தில்லியில் தமிழ் பயிற்றும் பள்ளிகளும் கல்லூரித் துறைகளும் இப்பணியை மேற்கொண்டால், புலம்பெயர் தமிழர் வரலாற்றுக்குப் புதிய மூலங்கள் கிட்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: பழம்பொருளால் இல்லத்தை அணிசெய்தல் தமிழர்க்குப் புதியதன்று, கொலுமரபு அதன் செம்மையான வடிவம். கரோல் பாக் போன்ற குடியேற்றப் பகுதிகளில் கலங்கள் புழக்கத்திலிருந்து காட்சிக்கு நகர்ந்தமைக்குக் கருவி மாற்றமும் தொழிலாளர் மறைவும் இடநெருக்கடியும் காரணங்களாயின. அந்நகர்வு பொருளைக் காத்தது. அதன் பெயரையும் அதன்மீதிருந்த பெயரையும் காக்கவில்லை. அவ்வாறு இழக்கப்படும் பெயர்களுள் பெரும்பகுதி பெண்களுடையவை. வேறு ஆவணங்களில் காணக்கிடைக்காதவை.

கீழடி ஓட்டில் ஆதன் என்னும் பெயரைக் கண்டு மகிழும் தமிழுலகம், தன் பரணில் உள்ள குடத்தின் கழுத்தில் இருப்பது யார் பெயர் என்று பார்த்தல் வேண்டும். வரவேற்பறையில் வைக்கும்போது அப்பெயர் காண்போர் பக்கம் நோக்கி இருக்குமாறு கலத்தைத் திருப்பி வைத்தலே போதுமான தொடக்கமாகும்.